தொட்டியில் எழுதிய பெயர்

அன்பு மகள் ரூபிகாவுக்கு,

அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். இதைப் போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் இருந்து போதும் போதும் என்பார், அதனால் மிலானுக்குத் திரும்புகிற றமேஷ் கையில் கடிதமாகக் கொடுத்து விடுகிறேன். அங்கே குளிராம், காலுறை இல்லாமல் திரியாதே.

நம் கோயில் மண்டபத்துச் சங்கதி உனக்குத் தெரியும். அன்னதானத்துக்கு இலைக்குப் பதில் பொலித்தீன் லஞ்ச் ஷீட் விரித்துச் சோறு போட்டு, முடிந்ததும் அவ்வளவையும் பின்பக்கத்து வடிகானுக்குள் தள்ளிவிடுவார்கள். போன வருச மழைக்கு அது அடைத்துத்தானே சாக்கடைத் தண்ணீர் நம் வீட்டுக்குள் ஏறி உன் கல்யாணப் போட்டோ அல்பம் ஊறிப்போனது. அதனால் பொதுக்கூட்டத்தில் எழுந்து, இனி வாழையிலை போடுவோம், சாப்பிட்ட இலையையும் காய்ந்த மாலைகளையும் மக்க வைக்கத் தொட்டி வைப்போம், உரமாகும் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். மண்டபத் தலைவர் தயாபரன், புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிறாரே அவர்தான், மைக்கைப் பிடித்து, "தேயிலைத் தோட்டத்து லயத்திலை இருந்து வந்த ஆக்களுக்குக் குப்பையைப் பற்றித்தான் கதைக்கத் தெரியும், இருங்கோ அக்கா" என்றார். மண்டபமே சிரித்தது. உன் அனுஷியா சித்தி கூடச் சிரித்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நீ பிறக்கும் முன்பிருந்தே அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் நான். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, இவனைச் சும்மா விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவனுக்குத் தன் பெயரைப் பார்ப்பதென்றால் உயிர். மண்டபத்து மின்விசிறி, மணி எல்லாவற்றிலும் உபயம் தயாபரன் குடும்பத்தினர் என்று இருக்கும், டியூப் லைட்டில் எழுத்து அத்தனை பெரிதாக இருப்பதால் வெளிச்சமே வராது. அவன் இந்தியாவுக்கு யாத்திரை போன சமயம் பார்த்து, கிணற்று வளையம் வார்க்கிற நம் பழனிமுத்துவிடம் சொல்லி இரண்டு சீமெந்துத் தொட்டி செய்வித்தேன். தலைவருடைய உபயம் என்று நான் சொன்னதும் செயலாளர் ஜீவராஜ் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, அவன் பெயரைச் சிவப்பில் பெரிதாக எழுதுவித்து, ஐயரைக் கொண்டு சந்தனம் குங்குமம் வைத்துத் தீபமும் காட்டியாயிற்று. ஐயர் கையால் அம்மனுக்கு ஒப்படைத்த பொருளில் பெயரை அழிக்கிற வழக்கம் நம் மண்டபத்தில் கிடையாதே. தலைவரே தொட்டி கொடுத்த பிறகு லஞ்ச் ஷீட் போடுவது எப்படி என்று சமையல்காரர்களும் இலைக்கு மாறிவிட்டார்கள்.

யாத்திரை முடிந்து வந்தவனை எல்லோரும் கைபிடித்துப் பாராட்டினார்கள். என்னுடையது இல்லை என்று சொல்ல முடியுமா, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எச்சில் இலையும் அழுகின மாலையும் அவன் பெயர் மேல் வழிந்தபோது என் வயிறு குளிர்ந்தது மகள், பொய் சொல்ல மாட்டேன். போன கிழமை, யார் வேலை என்று ஜீவராஜிடம் விசாரித்து அறிந்து, நம் வீட்டு வாசலுக்கே வந்து, "அக்கா, பெயரை மட்டும் அழிக்கச் சொல்லுங்கோ, குப்பைத்தொட்டித் தயாபரன் எண்டு கடையடியிலை பகிடி பண்ணுறாங்கள்" என்று கெஞ்சினான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அதே மைக்கைப் பிடித்து அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள், நானே ஐயரிடம் பேசி அழித்துத் தருகிறேன் என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனான்.

இந்த மழைக்கு வடிகான் அடைக்கவில்லை, வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்கும் சனம் அவனுக்குத்தான் நன்றி சொல்கிறது, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பா விட்டுவிடு என்கிறார். அவர் குனிந்த தலை என் கண்ணை விட்டுப் போகவில்லை, நான் எப்படி விடுவேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை நிற்கட்டும். திருவிழாவுக்கு வரும்போது ஒன்றை மறக்காதே. சாப்பிட்ட இலையை மற்றவர்கள் எடுக்க விடாதே, நீயே மடித்துக் கொண்டுபோய், அவன் நிற்கிற நேரம் பார்த்து அந்தத் தொட்டியில் போடு. அவனுடைய பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் பொறு, அதுகள் போன பிறகு போடு.

இப்படிக்கு,
உன் அம்மா நாகமணி,
ஜிந்துப்பிட்டி