நாலு மார்க் நாலாகவே இருக்கட்டும்

அன்பு மகள் மெஹ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் தம்பி அசாரும் இங்கே சுகம், ஹாம்பர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் கால் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்த கதையைக் கேம்ப் ரோடு முழுக்க விசாரித்து முடித்தாயிற்று, இப்போது நம் திரைச்சீலைக் கடைக்கு நடந்தே போகிறேன். அசார் கேளம்பாக்கம் வேலைக்குப் பைக்கிலேயே போய் வருகிறான், மழை நாளில் பஸ்ஸில் போடா என்றால் கேட்பதில்லை, அக்கா சொன்னால் கேட்பான், சொல்லு. உன் அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, என் மேல் கோபம்தான் குறையவில்லை. அதற்குக் காரணம் நீயும் நானும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், போனில் சொன்னால் நடுவில் புகுந்து சிரிக்க வைத்து என் வாயை அடைத்துவிடுவாய்.

கட்டோடு படுத்திருந்தபோது அசார் டிவியில் ஒரு ஜப்பான் அனிமே போட்டுவிட்டான், படகுத்துறையில் ஒரு அப்பாவும் மகளும் இருப்பார்களே, அது. பொம்மைப் படம் பார்க்கிற வயசா எனக்கு என்று ஆரம்பித்தவன், மகள் பட்டணத்துக்குப் படகேறும் இடத்தில் அழுதுவிட்டேன். அதற்கப்புறம்தான் நீ படங்களுக்கு மார்க் போட்டு எழுதும் இணைய விமர்சனப் பக்கத்தை அவன் காட்டினான். பத்துக்கு நாலு. தண்ணீரையும் வானத்தையும் அழகாக வரைந்திருக்கிறார்கள், ஆட்கள் மட்டும் துணிக்கடை பொம்மை மாதிரி நிற்கிறார்கள், அம்மா இறந்ததை அதே வயலினோடு மூன்று தடவை காட்டி அழ வைக்கிறார்கள், அப்பா வாயே திறப்பதில்லை, பேசாதவரை ஆழமானவர் என்று விட்டுவிடுவது கதை எழுதியவரின் சோம்பேறித்தனம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. உடனே போன் போட்டு, "இன்னாம்மா நீ, உன் அத்தா அழுதுகினே பார்த்த படத்துக்கு நாலு மார்க்தானா" என்று கேட்டும் விட்டேன். மறுநாள் பார்த்தால் நாலு ஏழாகியிருக்கிறது. குறை சொன்ன வரிகளைக் காணோம், அந்த இடத்தில் சில படைப்புகளை மனதால் மட்டுமே பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. வாழ்த்து அட்டையில் அச்சடித்து வருமே, அந்த மாதிரி வரி.

உனக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று உன் அம்மாவிடம் போய்ப் பெருமையடித்தேன். அவள் சந்தோஷப்படவில்லை. "அவ நாக்கு பொய் சொல்லாதுன்னுதான் சால்னாவுக்கு உப்புப் பார்க்க அவளக் கூப்புடுவேன், அந்தப் புள்ளையையும் கெடுத்துட்டீங்க" என்றாள். நானும் அசாரும் எதை வாயில் வைத்தாலும் நல்லா இருக்கு என்போம், அதனால் எங்களிடம் அவள் கேட்பதே இல்லை. அவள் சொன்னது எனக்கு உறைத்தது. நீ முதலில் எழுதியதை அசார் போனில் எடுத்து வைத்திருந்தான், அதை வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். வயலின் மூன்று தடவை வருகிறது. ஆட்களும் நீ சொன்ன மாதிரிதான் நிற்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் அந்தப் படகுத்துறையில் திரும்ப அழுதேன். என்னை அழ வைத்தது அந்தப் படம் இல்லை மெஹ்ரீன், மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நீ ட்ராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதுதான். நம் ஹாலில் தொங்கும் மெரூன் திரை எனக்குப் பிடித்தது, உன் அம்மாவே சொன்னாலும் கழற்ற மாட்டேன். ஆனால் வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு அதே துணியை யாராவது கேட்டால், சீக்கிரம் வெளுத்துவிடும் என்று சொல்லித்தான் கொடுப்பேன். பிடித்தது வேறு, தரம் வேறு. நாலு குறைவு என்றுதான் இப்போதும் சொல்வேன், அந்தத் தண்ணீருக்கே ஒரு மார்க் கூடுதலாகப் போட்டிருக்கலாம், அதற்காக உன்னோடு சண்டை போடத் தயார். என் காரணம் சரியென்று பட்டால் மாற்று, என் கண்ணீரைப் பார்த்து மாற்றாதே.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். ஏழு மார்க்கை எடு, நாலைப் போடு, எடுத்த வரிகளைத் திரும்ப வை. நாலு பேர் ஏசுவார்கள், ஏசட்டும். நாளைக்கு நீ ஏதாவது ஒன்றுக்குப் பத்து போட்டால் நான் அதை நம்பி உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? அசாரிடம் சொல்லி என் பெயரிலும் அங்கே கணக்குத் தொடங்கி, பத்துக்குப் பத்து போட்டு, அழுதேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பார்த்து ரசிக்கிறவனுக்கு அது போதும். விமர்சனம் எழுதுகிற உனக்குப் போதாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் திடமான மனதும் தரட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரிச் சாப்பாட்டை பிரெட்டோடு முடிக்காதே. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து பார்ப்பேன், அங்கே நாலு இருக்க வேண்டும். பேசாத அப்பாவைப் பற்றி நீ எழுதியதுகூடச் சரிதான், அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படம் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் சொல்லிவிடுகிறேன். நீ இல்லாத இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை அம்மா. இதைப் படித்துவிட்டு மார்க்கை ஏற்றிவிடாதே.

உன் அத்தா,
ஜலால்
சேலையூர்