மழைக்கு ஒரு நாள்

ஜன. 5, திங்கள்
காலையில் ஸ்வெட்டர். புஜைரா மலைப்பக்கம் மேகம். மழை வியாழனுக்குத்தானாம்.

தரைக்கு அடியில் போகும் டிரெய்னேஜ் பைப் போட்டு முடிந்தது. நாளை டேங்கர், பைப்பில் தண்ணீர் நிரப்பி டெஸ்ட். பிறகு மண் மூட இரண்டு நாள் (ஃபோர்மேன் செல்வம் கணக்கு). எல்லோரிடமும் வியாழன் கெடு என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளி ஒன்று கூடுதலாக இருப்பது எனக்கு மட்டும் தெரியும். பிளானிங் இன்ஜினியர் என்றால் சும்மாவா.

சனிக்கிழமை ஜெத்தாவிலிருந்து இவர் வருகிறார். மூன்றே நாள் லீவு. போன தடவை அதில் இரண்டு நாளைக் கான்கிரீட் வேலை தின்றது. இந்தத் தடவை விடமாட்டேன்.

வாங்க: புளி, அப்பளம், அவருக்குத் தலையணை.

ஜன. 6, செவ்வாய்
ராத்திரியே கொட்டித் தீர்த்துவிட்டது. பள்ளமெல்லாம் தண்ணீர். காலியாக இருந்த பைப் எல்லாம் மேலே மிதக்கிறது, தண்ணீர் ஓட வைத்த வாட்டம் போச்சு. டேங்கரை நேற்றே வரச் சொல்லியிருக்கலாம். என் தப்புதான்.

நாள் முழுக்க பம்ப். நாளை திரும்பப் போட்டு, வியாழன் டெஸ்ட். மண் வெள்ளி, சனி. சனி! ஒளித்து வைத்த நாளும் போதவில்லை. பாத்ரூமில் கொஞ்சம் அழுதேன். பிறகு டீ.

ஜன. 7, புதன்
வெயில். பைப் பழைய இடத்தில். செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மேடம், மண்ணு மூட ரெண்டு நாள்னு சொன்னேன்ல... ஒரு நாள் போதும். மழைக்குன்னு ஒண்ணு கையில வச்சிருந்தேன்."

"ஏண்ணே முதல்லயே சொல்லல?"

"சொன்னா நீங்க எடுத்துக்குவீங்களே!"

உண்மைதான். எடுத்திருப்பேன்.

ஜன. 8, வியாழன்
டெஸ்ட் பாஸ். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. எனக்குத் தெரியும்.

ஜன. 9, வெள்ளி
விடியும் முன்பே ஆட்கள், குல்லா மஃப்ளரோடு. "யல்லா பாய், ஜும்மாக்கு முன்னாடி முடிக்கணும்!" செல்வம் சத்தம். முடித்தார்கள். இனி சைட் கம்பி கட்டுகிறவர்கள் பாடு. கலாஸ், என் வேலை முடிந்தது.

தலையணை மறந்தேன்.

ஜன. 10, சனி
துபாய் ஏர்போர்ட். இளைத்திருக்கிறார். காரில் ஏறியதும் சொல்கிறார்:

"லீவு அஞ்சு நாள். உன் சைட்டை நம்ப முடியுமா? அதான் ரெண்டு நாளைச் சொல்லாம வச்சிருந்தேன்."

திட்டினேன். நன்றாகத் திட்டினேன்.

இவரிடம் மூன்று என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் நானும் ஐந்து நாள் லீவுதான் வாங்கியிருக்கிறேன். அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.