பதவி இறக்கம் வேண்டி

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினராகிய தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய். உறுப்பினர்களுக்கு வைத்தியம் ஆயுள் முழுக்க இலவசம் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை உன் பேச்சை டயாலிசிஸ் அறைத் தொலைக்காட்சியில் கேட்டோம். இலவச மருத்துவ அட்டைக்கான வருமான வரம்பை உயர்த்தினால் ஏழைகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்றாய். அதற்கு என்னைச் சாட்சிக்கு இழுத்தாய். "எங்க அக்கா சலவைக்கூடத்துல துணி மடிக்கச் சேந்தவங்க. இன்னைக்கு மேற்பார்வையாளர். அரசாங்கமா தூக்கிவிட்டுச்சு?" என்று நீ கேட்டதும் சபையே கைதட்டியது. இங்கே ஆறு நோயாளிகளும் தட்டவில்லை. ஆளுக்கொரு கையில் ஊசி இருந்தது. உன் அத்தான் மட்டும் மறு கையால் கட்டில் கம்பியைத் தட்டி, "மச்சினன் என்னமா பேசுறான் பாரு" என்றார்.

அரசாங்கம் தூக்கிவிடவில்லைதான். முதலாளியிடம் சிபாரிசு செய்து தூக்கிவிட்டது நீ. அந்த மேற்பார்வையாளர் நாற்காலி இரண்டு வருடம் ஏன் காலியாகக் கிடந்தது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அதில் உட்கார்ந்தால் சம்பளம் வரம்பைத் தாண்டும், குடும்பத்தின் அட்டை போய்விடும். அதனால் முதலாளி தலை தெரிந்தாலே நாங்கள் கவனமாக வேலையைக் கெடுப்போம். நான் ஒரு படுக்கை விரிப்பைக் கருக்கியே காட்டினேன். உன் சிபாரிசின் முன் அது எடுபடவில்லை. இஸ்திரி போடுகிறவள், "உனக்கு வெளியில விரோதியே வேணாம்க்கா, அதான் தம்பி இருக்கானே" என்றாள்.

எங்கள் அட்டை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று அட்டை அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். "வேணும்னே சம்பளத்தக் குறைச்சுக்கிட்டா மோசடிம்மா. லாயக்கில்லன்னு முதலாளி எழுதிக் கொடுத்தா மட்டும்தான் செல்லும்" என்றார் குமாஸ்தா. அந்த விதியை முன்மொழிந்தவர் பெயரையும் காட்டினார். உன் பெயரை அழகாக அச்சடித்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு. வரம்பை உயர்த்த நீ கை தூக்கமாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. முதலாளியிடம் இன்னொரு வார்த்தை சொல், போதும். உன் அக்கா எதற்கும் லாயக்கில்லாதவள் என்று எழுதித் தரச் சொல். சின்ன வயதிலிருந்து நீ வீட்டில் சொல்லிவந்ததுதானே, சிரமம் இருக்காது. நான் செய்தால் மோசடி, நீ செய்தால் சிபாரிசு.

அட்டை விஷயம் உன் அத்தானுக்கு இன்னும் தெரியாது. வாரம் மூன்று நாள் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் உன் பெருமையைப் பேசுகிறார். நீ மந்திரியாகிப் பேசுவதையும் கேட்டுவிட வேண்டுமாம். அதுவரைக்கும் இருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ நோய்நொடியில்லாமல் நூறு வருடம் இருக்கவேண்டும் என்று ஆசீர்வாதம் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அது அவருடையது.

உன் சாட்சி,
அக்கா