இல்லாத காலைக் கிள்ளினேன்

சனிக்கிழமை, ராத்திரி.

சகல ஜனங்களுக்கும் ஒரு மகத்தான சேதி: இன்று ஊசியைப் பார்த்து நான் மயங்கவில்லை. பயம் என்பதே எனக்குக் கிடையாது.

அப்பாவுக்கு இருப்பது ஒன்றரைக் கால். உளுந்தூர்பேட்டையில் லாரி ஏறியதில் இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆனால் அந்தப் போன பாதம்தான் ராத்திரியெல்லாம் வலித்து அவரைத் தூங்கவிடாது. ஸ்கேனில் பார்த்தபடியே வலிக்கு ஊசி போட டாக்டர்களுக்குப் பயிற்சி என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

பயிற்சிக்கு வந்த டாக்டரம்மா ஸ்கேன் கருவியை மிச்சக் காலின் முனையில் வைத்து அழுத்தினார். அறுந்த நரம்பின் நுனி திரையில் கறுப்பு முடிச்சாகத் தெரிந்தது.

"கட்டவெரல அமுத்துறீங்கம்மா," என்றார் அப்பா.

எனக்குக் குறும்பு தாங்கவில்லை. பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிப்பைக் கிள்ளினேன். அப்பா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இன்னாத்துக்குடா கிள்ற? வுடு."

டாக்டரம்மா நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசி போட்டார்கள். வீட்டில் வந்து படுத்ததும் அப்பா, "மறுபடியும் கிள்ளுடா," என்றார். கிள்ளினேன்.

"ஒண்ணும் தெரியலடா. வலியும் இல்ல, காலும் இல்ல. போய்ட்ச்சு."

சொன்ன கையோடு குறட்டை.

வழக்கமாக அவர் கால்மாட்டில்தான் என் பாய். இன்று அம்மா பக்கத்தில் போட்டிருக்கிறேன். பயம் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாம். அப்பாவை விட்டுப் போன கால் எங்கே போயிருக்கும்? அதைக் கடைசியாகக் கிள்ளியவன் நான்தானே.