இரண்டு ரிசீவரும் ஒன்றுதான்

டோஹா
07.02.2025

அன்புள்ள றிஃப்னாவுக்கு ஸலாம்.

நான் நலம். நீயும் மாமாவும் மாமியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனின் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

கோல் எடுத்தால் சிக்னல் இல்லை என்கிறாய். மெசேஜ் போட்டால் இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறாய். கடிதத்தில் மட்டும்தான் நீ கதைக்கிறாய். அதனால் நானும் எழுதப் பழகிவிட்டேன்.

ஒரு வேலை இருக்கிறது. புது வீட்டு முன்னறையில் ஹோம் தியேட்டர் பூட்டப் போகிறேன் என்று சொன்னேனே. அதற்கு ரிசீவர் என்று ஒரு பெட்டி வேண்டும். ஐந்து ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். என் முதலாளி வீட்டில் ஒன்று இருக்கிறது. அவர் படம் பார்க்கும்போது நான் வெளியே காருக்குள் இருந்து கேட்பேன். எந்த ரிசீவர் நல்லது என்று நெட்டில் தேடினால் ஒரே சண்டை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிக் கேட்கும் என்கிறார்கள் ஒரு பக்கத்தார். எல்லாம் ஒன்றுதான், பெயருக்குத்தான் காசு என்கிறார்கள் மற்றவர்கள்.

புத்தளத்தில் மக்பூல் நானாவின் கடையில் நான் பார்த்து வைத்த இரண்டும் இருக்கிறதாம். தங்கச்சி ஷிம்லாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு எழுது. நீ படித்தவள். உனக்கு விளங்கும்.

அஸ்மி


ஆலங்குடா
21.02.2025

அன்புள்ள உங்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தில் நான் பிழை ஒன்றும் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷிம்லாவோடு புத்தளத்துக்குப் போனேன். மக்பூல் நானா எங்களைக் கதிரையில் இருத்தி, இரண்டு பெட்டியையும் துணியால் மூடினார். மழை பெய்கிற காட்சி ஒன்றைப் போட்டார். துணிக்குள் கையை விட்டு ஏதோ செய்துவிட்டு, அதே காட்சியைத் திரும்பவும் போட்டார். கடைக்கு வந்த இன்னும் நாலைந்து பேர் பின்னால் வந்து நின்றார்கள்.

ஷிம்லா கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவதுதான் நானா. மழ காதுக்குள்ள பெய்யிது. மொதலாவது தகரத்துல பெஞ்ச மாதிரி" என்றாள். பின்னால் நின்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். "ஒங்களுக்கு எப்பிடி மகள்?" என்று நானா என்னைக் கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான், "ரெண்டும் ஒண்டுதான்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு துணியை எடுத்தார். அவர் பெட்டியை மாற்றவே இல்லையாம். இரண்டு தரமும் ஓடியது ஒன்றுதானாம். "இவ்வளவு பேருக்குள்ள இந்தப் புள்ளட காது மட்டும்தான் காது" என்றார். ஷிம்லா, "மதினி வாயத் தொறக்கிறதே வருசத்துல ரெண்டு தரம், தொறந்தா மானத்தெ வாங்குறாங்க" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னை நுள்ளிக்கொண்டே வந்தாள்.

அதனால் எதையும் வாங்கலாம். வாங்காமலும் விடலாம்.

றிஃப்னா


டோஹா
14.03.2025

அன்புள்ள றிஃப்னா,

ஷிம்லா கோல் எடுத்து எல்லாம் சொன்னாள். என் அறையில் இருக்கிறவர்களுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கற்பிட்டி யோசேப்பு அண்ணன், "ஒன்ட பொஞ்சாதிட காத இன்சூர் பண்ணி வை தம்பி" என்கிறார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

ரிசீவரை இங்கேயே வாங்கிவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு லீவில் வருகிறேன். அதோடு சின்ன மைக் ஒன்று தருகிறார்கள். நாம் இருக்கிற இடத்தில் அதை வைத்தால், எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று பெட்டி தானே கணக்குப் பார்க்குமாம். எனக்கு அந்த மைக் வேண்டாம். உன்னை நடுவில் இருத்திக் கண்ணை மூடச் சொல்வேன். பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். நீ சொல்கிறபடி வைப்பேன். வாப்பா, உம்மா, ஷிம்லா எல்லோரும் அன்றைக்கு வருவார்கள்.

காவின் எழுதி நம் கல்யாணத்தைப் பதிந்த அன்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை மறக்கவில்லை. உண்மையைச் சொன்னாய், அதனால் கோபமில்லை. அந்த வீட்டில் ஏதாவது ஒன்றையாவது உனக்குப் பிடித்த மாதிரிச் செய்து காட்ட வேண்டும் என்றுதான் இதெல்லாம்.

அஸ்மி


ஆலங்குடா
29.03.2025

அன்புள்ள உங்களுக்கு,

இதை உம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

என் இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. வலது காது பாதிதான் கேட்கும். முன்னால் நின்று கதைத்தால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வேன். கெம்பஸில் எப்போதும் முன் வாங்கில் இடது ஓரமாக இருந்தேன். அப்போதுதான் எல்லோரும் என் வலது பக்கம் வருவார்கள். யாரோடும் கதைக்காததால் எனக்குக் கூச்சம் என்றார்கள். அது எனக்கும் வசதியாக இருந்தது. உங்கள் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது உம்மாவும் அதையே சொன்னார். "புள்ளக்கி ஒரு கொறயும் இல்ல, கொஞ்சம் கூச்ச சுபாவம்." நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

கடையில் மழை எனக்குக் கேட்கவில்லை. ஏதோ இரைந்தது, நிலம் அதிர்ந்தது. இரண்டு தரமும் ஒரே மாதிரி இரைந்ததால் ஒன்றுதான் என்றேன். அதைத்தான் நீங்கள் டோஹா முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. காவின் அன்று படம் எடுக்கும்போது நீங்கள் என் இடது பக்கம் இருந்தீர்கள். முன்னால் பார்க்கச் சொன்னதால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் ஏதோ கேட்டது கன்னத்தில் பட்ட மூச்சில்தான் தெரிந்தது. விளங்காத எல்லாவற்றுக்கும் செய்கிறது போல, உங்களுக்கும் சிரித்துத் தலையாட்டினேன். என்ன கேட்டீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதற்கு ஓம் சொல்லியிருக்கிறேன் என்று தெரியாமல்தான் உங்கள் மனைவியாக இருக்கிறேன்.

காவின் எழுதியதோடு சரி, நீங்கள் இந்த வீட்டுக்கு இன்னும் குடிவரவில்லை. விலகுவதென்றால் இப்போதே விலகலாம். பள்ளிவாசலில் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எல்லோருக்கும் முன்னால் என்னை நடுவில் இருத்தி, பின்னால் நின்று மட்டும் கேட்க வேண்டாம்.

றிஃப்னா


ஆலங்குடா
26.04.2025

உங்களுக்கு,

கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை.

இரண்டு கிழமையாக ஷிம்லா இந்தப் பக்கம் வரவில்லை. நுரைச்சோலைச் சந்தையில் என்னைக் கண்டாள். உதடு அசைந்தது. தூரத்தில் நின்றதால் ஸலாமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. நானும் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன்.

உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "பகிடிக்கு எழுதினன் எண்டு எழுதி அனுப்பு" என்கிறார். சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முகத்தைத் திருப்பினால் எனக்கு உம்மாவே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மேசன் வந்து, "ஸ்பீக்கர் வயருக்கு எந்தச் சுவர வெட்டுற?" என்று கேட்கிறார். பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க அந்த அறையில் இருக்கிறேன். கடல் பக்கத்து யன்னலை இன்னும் போடவில்லை. காற்று உள்ளே வருவது தாவணி அசைவதில்தான் தெரிகிறது.

கோபமாகவாவது ஒரு வரி எழுதுங்கள். ஏச்சு என்றால் ஏச்சு. எழுத்து ஒன்றுதான் எனக்கு முழுதாகக் கேட்கும்.

றிஃப்னா


டோஹா
09.05.2025

றிஃப்னாவுக்கு ஸலாம்.

எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். கோபம் இருக்கிறது. உன் காது மேல் இல்லை. மாமி மறைத்ததும், நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு வலிக்கிறது. ஷிம்லாவிடம் நான்தான் சொன்னேன். அவள் உன்னிடம் எப்படிக் கதைப்பது என்று தெரியாமல் வராமல் இருக்கிறாள். சந்தையில் அவள் சொன்னது ஸலாம்தான்.

அன்று நான் கேட்டதைச் சொல்கிறேன். "நீங்க கெம்பஸ் முடிச்ச ஆள். நான் எட்டோட நின்டவன். என்னக் கட்டினது ஒங்கட மனசுக்குக் கஷ்டமா?"

நீ சிரித்துவிட்டு ஓம் என்று தலையாட்டினாய்.

நீ என் கோலை எடுக்காத ஒவ்வொரு நாளும் அதுதான் காரணம் என்று நினைத்தேன். உன் நண்பர்களின் காதில் என் பேச்சு விழுந்துவிடக் கூடாது என்று நீ பயப்படுகிறாயாக்கும் என்று நினைத்தேன். உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றாவது அந்த வீட்டில் இருக்கட்டும் என்றுதான் தூங்காமல் இருந்து ரிசீவரைப் பற்றிப் படித்தேன். நீ கேட்காத கேள்விக்கு நீ சொல்லாத பதிலை வைத்துக்கொண்டு ஒரு வருடம் இருந்திருக்கிறேன். இதை யோசேப்பு அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

ரிசீவர் பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, பிரிக்கவில்லை. மேசனை நிற்கச் சொல். உன் கதிரைக்கு வலது பக்கம் என் கதிரை வருவதென்றால், வயர் மற்றச் சுவரால் போக வேண்டும். வருவதா இல்லையா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

ஆகவே அன்று கேட்டதைத் திரும்பவும் கேட்கிறேன். என்னைக் கட்டினது உன் மனசுக்குக் கஷ்டமா?

இந்த முறை தலையாட்டாதே. எழுது.

அஸ்மி