பல்புப் பெட்டியில் பண்ணை முட்டை

மார்ச் 12, புதன்

மூன்று வாரம் முடிந்துவிட்டது. என் மகள் கவினி இன்று பல்புப் பெட்டியைத் திறந்து, முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் சத்தமில்லை.

குஞ்சு பொரிப்பதைத் தானே செய்து பார்த்துக் கற்கட்டும் என்று தெர்மாகோல் பெட்டி, பல்பு, தெர்மாமீட்டர் எல்லாம் நான்தான் அமைத்துக்கொடுத்தேன். நாட்டுக்கோழி முட்டை தேடி அலையச் சோம்பல்பட்டு, நான் வேலை பார்க்கும் பண்ணையிலிருந்தே முட்டை எடுத்துவந்தேன். அங்கே சேவலே கிடையாது. அந்த முட்டையில் குஞ்சு வராது என்று நாமக்கல்லில் யாருக்குத்தான் தெரியாது? எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. இரண்டு நாளில் சலித்துப்போவாள் என்று நினைத்தேன். அவளோ காலையும் மாலையும் சூடு பார்த்து, முட்டைகளைத் திருப்பிவைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஏனுங்கம்மா, காதுகுத்துக்குப் போன அன்னிக்கு நான் திருப்பாம உட்டுட்டேன். அதுலதான் எல்லாம் செத்துப்போச்சுங்களா?”

“அப்படியெல்லாம் இல்ல சாமி” என்றேன். எழுந்துபோய்ப் பெட்டியின் பல்பை அணைத்தேன்.

கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். சாப்பிடும்போது சொன்னாள்: “நாளைக்கு வேற முட்டை கொண்டாங்கம்மா. இனி எந்த விசேசத்துக்கும் நான் வரல. ஊட்லயே இருந்து பாத்துக்கறேன்.”