தவச்செல்வன் இறங்கவில்லை

அனுப்புபவர்:
சின்னையா குலேந்திரன் (வயது 53),
பொதிக் களஞ்சியத் தொழிலாளி,
செம்பருந்து பறப்புக் கழகத்தின் இறங்குவெளிப் பொறுப்பாளர்,
ஓல்டன்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
காணாமற்போனோர் பிரிவு,
மாவட்டப் பொலிஸ் நிலையம்,
ஹின்டர்தால்.

விடயம்: 07.10.2017 சனிக்கிழமை ஹின்டரெக் மலையிலிருந்து பாராகிளைடரில் பறந்த திரு. தவச்செல்வனை மலையின் பின்பக்கக் காட்டில், வெள்ளிக்கிழமை பனி விழ முன்னர், தேடித் தரும்படி கேட்டுக்கொள்ளல். அவர் இறங்கியதாக நான் தந்த வாக்குமூலத்தை மீளப் பெறல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நீங்கள் ஹெலிகொப்டரை அனுப்பிவிட்டு ஆறுதலாக வாசிக்கலாம். என் நண்பர் தவச்செல்வன் சனிக்கிழமை இறங்கவில்லை. அவர் ஹின்டரெக் உச்சிக்குப் பின்பக்கம், வடக்குச் சரிவில் உள்ள காட்டில் விழுந்திருக்கிறார் என்று நம்புகிறேன். உங்கள் கோப்பில் அவர் பிற்பகல் 3.10க்கு இறங்கினார் என்று இருக்கிறது. அது பொய். அதைச் சொன்னவன் நான்.

1. நான் படிப்பு அதிகம் இல்லாதவன். ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் கையில் பகிடியும் தானாக வரும். அப்படி எங்காவது வந்திருந்தால் அதை வெட்டிவிட்டு, கீழே இருக்கும் நேரங்களையும் இடங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளவும். அவற்றை நான் மூன்று தரம் சரிபார்த்திருக்கிறேன்.

2. எங்கள் கழகத்துக்கு இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை பறக்கும் நாள். என்னைத் தவிர்த்து, பறப்பவர்கள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், பேக்கரி நடத்தும் அம்மா ஒருவர், இப்படிப் பலதும் கலந்த கூட்டம். தமிழர் இரண்டு பேர்தான்: தவச்செல்வன் பறப்பவர், நான் பறக்காதவன். 2011இல் தலைவர் உர்ஸ் என்னைத் தன் முன்னால் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தரம் பறந்தார். ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் கண் திறக்கவில்லை. அன்றே எனக்குத் தரையில் வேலை தந்துவிட்டார்கள். தேத்தண்ணி போடுவது, வீட்டில் சுட்ட றோல்ஸ் கொண்டுபோவது, மேலே போகிற ஒவ்வொருவரையும் நக்கலடித்து அனுப்புவது, பலகை பார்ப்பது. இதில் பலகை மட்டும்தான் உண்மையான வேலை.

3. பலகையைப் பற்றி நீங்கள் அறியவேண்டும். அதில் இரண்டு வரிசைக் கொளுக்கிகள் இருக்கின்றன. மேல் வரிசை பறப்பவர்களுக்கு, கீழ் வரிசை இறங்கியவர்களுக்கு. ஒவ்வொருவரின் பெயரும் ஒரு மரத்துண்டில் இருக்கும். மலைக்கு ஏறமுன் அவரவர் தம் துண்டை மேலே கொளுவுவார்கள். இறங்கியதும் பலகையடிக்கு வந்து அவரவர் கையாலேயே கீழே மாற்றவேண்டும், பக்கத்தில் நான் நேரம் எழுதவேண்டும். வேறு எங்காவது இறங்கினாலும் நடந்து வந்து மாற்றவேண்டும். மூன்று தரம் தவறினால் அந்தப் பருவம் முழுக்கப் பறக்க முடியாது. கடைசித் துண்டும் கீழே வந்த பிறகுதான் உர்ஸ் வீட்டுக்குப் போவார். பதினாறு வருசமாக அவர் அப்படித்தான் செய்கிறார்.

4. தவச்செல்வன் பேர்ண் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். சனி மாலை ஐந்தரைக்கு வேலை. ஞாயிறு விடியவும் வேலை என்பதால் இரவு அங்கேயே ஒரு வேலைத்தோழரின் அறையில் தங்குவார். பறக்கும் நாளில் 3.32 பஸ்ஸைப் பிடித்தால்தான் வேலைக்கு நேரத்துக்குப் போகலாம். அந்தப் பஸ் மர ஆலைக்குப் பின்னால் நிற்கும். அங்கேயிருந்து எங்கள் பலகைக்கு இருபத்தைந்து நிமிட நடை. ஆகவே அவர் ஆலைக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் இறங்கி, பறக்கும் குடையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு நேரே பஸ் ஏறிவிடுவார். இப்படி இரண்டு தரம் பிடிபட்டுவிட்டார். மூன்றாவது தரம் பிடிபட்டால் பறப்பு இல்லை.

அந்த மனுசனுக்குப் பறப்பு இல்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மேல நிக்கேக்க ஆரும் என்னட்ட ஒண்டும் கேக்கினமில்லை அண்ணை. அது காணும்." கிழமை முழுக்கச் சமையலறையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏவப்படுகிற ஆள் அவர். ஆகவே போன வருசம் மே மாதம் முதல் அவருடைய துண்டை நான் மாற்றினேன். அவருடைய செம்மஞ்சள் குடை ஆலைக் கூரைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்ப்பேன், துண்டைக் கீழே போடுவேன், நேரம் எழுதுவேன். உர்ஸுக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது.

5. இனி 07.10.2017. பிற்பகல் 2.20க்கு தெற்குக் காற்று கூடியது. உர்ஸ் எல்லாரையும் உடனே இறங்கச் சொல்லி வானொலிக் கருவியில் அறிவித்தார். தவச்செல்வனும் நானும் எங்கள் கருவிகளை வேறு அலைவரிசையில் வைத்துத் தமிழில் கதைப்பது வழக்கம். அதனால் அவருக்கு அறிவித்தலைச் சொல்வது என் பொறுப்பு. 2.40க்குச் சொன்னேன். இருபது நிமிடம் பிந்திச் சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன், வேறு சாட்சி இல்லை.

நான்: "உர்ஸ் எல்லாரையும் இறங்கட்டாம். நீ மெல்ல வா, உன்ர பங்கு றோல்ஸை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர்: "பகிடி விடாதேங்கோ அண்ணை. பின்பக்கம் இழுக்குது. முன்னுக்கு வரப் பாக்கிறன்."

நான்: "இழுத்தா நீ போவன். அங்கயும் ஆரும் தேத்தண்ணி வச்சிருப்பினம்."

அதன் பிறகு அவர் கதைக்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். காற்றுக்கு அடுப்பு அணைந்து அணைந்து போனதால் கருவியை மேசையில் வைத்துவிட்டு அடுப்போடு மல்லுக்கட்டினேன். 2.50க்குள் மற்ற எல்லாரும் இறங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் குளிர், எல்லாரும் தேத்தண்ணி கேட்டார்கள், நான் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

6. 3.10க்கு அவருடைய துண்டைக் கீழே மாற்றினேன். ஐயா, அந்த நேரம் நான் வானத்தைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது, இறங்கியிருப்பார் என்று மாற்றினேன். உர்ஸ் பலகையைப் பார்த்தார், பதினான்கும் கீழே இருந்தன. நான்கு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

7. ஞாயிறு மதியம் அவருடைய மனைவி ஜெயகௌரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். தவச்செல்வன் வேலைக்கே வரவில்லை என்று சமையலறையில் சொன்னார்களாம். தொலைபேசி முதல் நாள் இரவு முழுக்க அடித்ததாம், எடுக்கவில்லையாம், இப்போது அடிப்பதும் நின்றுவிட்டதாம். "அண்ணை, இறங்கினதை நீங்கள் கண்டனீங்கள்தானே?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அவர்கள் இருவருக்கும் இந்தப் பறப்பை வைத்தே சின்னச் சண்டை நடந்தது எனக்குத் தெரியும். கோபத்தில் எங்காவது போய் இருக்கிறார், நான் மாட்டிவிடக்கூடாது என்று நினைத்தேன். துண்டை மாற்றிய கதை வெளியே வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. "ஓம் தங்கச்சி, கண்ணால கண்டனான். ரெண்டு றோல்ஸும் திண்டுட்டுத்தான் போனவன்" என்றேன்.

அவர் அந்த இரண்டு றோல்ஸை நம்பினார். நம்பி, ஒருநாள் முழுக்கப் புருசனில் கோபமாக இருந்தார். அந்தக் கோபத்தோடேயே முறைப்பாடும் கொடுத்திருந்தார்; மாலையில் உங்கள் நிலையத்திலிருந்து எடுத்தபோது உங்களுக்கும் அதையே சொன்னேன். நம்பட்டும் என்று குடை சுருட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். உங்கள் கோப்பில் "சுய விருப்பில் சென்றவர்" என்று விழுந்தது அப்படித்தான். உங்கள் பக்கம் யாரிலும் பிழை இல்லை.

8. திங்கள் காலை எனக்கு மனம் இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் போகாமல் ஹின்டர்தாலுக்கு வந்து, மர ஆலையடியில் பஸ் சாரதியிடம் கேட்டேன். சனிக்கிழமையும் அவர்தான் ஓடியவர். பெரிய பையோடு ஏறும் மனிதரை அவருக்கு நன்றாகத் தெரியும். அன்று 3.32க்கு அப்படி ஒருவர் ஏறவில்லை என்றார். வழக்கமாக ஏறுபவர் என்பதால் ஒரு நிமிடம் நின்றும் பார்த்தாராம். அந்தச் சாரதி உங்களிடம் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். தயவுசெய்து என்னை விட்டுவிட்டு அவரை நம்பவும்.

9. அங்கேயிருந்து நேரே உங்கள் நிலையத்துக்கு வந்தேன். இளம் அதிகாரி ஒருவர் மரியாதையாக இருத்திக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஜேர்மன், களஞ்சியத்தில் பொதி ஏற்ற இறக்கக் காணும், இதற்குக் காணாது. நேற்று இறங்கினார் என்றீர்கள், இன்று இறங்கவில்லை என்கிறீர்கள், இதில் எது பொய் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பயம் வந்தால் சிரிக்கிற பிறவி நான், என் தகப்பனின் செத்தவீட்டிலும் அதற்காக அடி வாங்கியவன். நான் சிரித்ததை அவர் எழுதியதைக் கண்டேன். எழுத்தில் தாருங்கள் என்று அனுப்பினார். அதுதான் இந்த மனு.

10. கழகத்தவர் சும்மா இருக்கவில்லை. உர்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏசவில்லை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நேற்றுச் செவ்வாய் ஏழு பேர் மலைக்குப் போனோம். பின்பக்கக் காட்டுக்குப் போகும் பாதை கல் விழுவதால் ஆவணியிலிருந்து பூட்டிக்கிடக்கிறது. நடக்கிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, ஆகவே யாரும் காணாதது ஆச்சரியம் இல்லை. தடுப்புவரை போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கயிறும் அதற்குப் பழகிய ஆட்களும் இல்லாமல் அதற்கு அப்பால் இறங்க முடியாது என்று உர்ஸ் எங்களை மறித்தார். முகில் மூடியிருந்ததால் மேலேயிருந்து பார்க்கவும் முடியவில்லை. இன்று காலை அவர் உங்களுக்கு எடுத்தபோதும் "இறங்கியதாகப் பதிவு இருக்கிறது" என்றே பதில் வந்ததாம்.

11. அவரிடம் இருப்பவை: தடித்த பறப்புச் சட்டை, தலைக்கவசம், ஒரு லீற்றர்த் தண்ணீர், சிவப்பு நிற அவசரக் குடை ஒன்று. மரத்தில் தொங்கினாலும், கால் முறிந்து கிடந்தாலும், தண்ணீர் இருந்தால் ஐந்து நாள் தாக்குப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள் என்று பல் வைத்தியர் சொன்னார். இன்றைக்கு நாலு நாள் முடிகிறது. வெள்ளிக்கிழமை ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் உயரம்வரை கீழிறங்கிப் பனி கொட்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தக் காடு அதற்கும் மேலே இருக்கிறது.

12. இதைத் தமிழில் எழுதச் சொன்னது அவருடைய மகள் யாதவி. தாதிப் படிப்புப் படிக்கிற பிள்ளை, பத்தொன்பது வயது. நேற்று நான் சொல்லி முடிக்க, ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தது. பிறகு, "அழுகிறதைப் பிறகு பாப்பம் மாமா. நீங்கள் ஒண்டும் விடாமல் தமிழில எழுதுங்கோ, நான் ஜேர்மனில மாத்தித் தாறன்" என்றது. "எனக்காண்டி நல்லதாக்கி எழுதாதேங்கோ" என்றும் சொன்னது. ஆறாம் பந்தியையும் அந்தப் பிள்ளைதான் மொழிபெயர்க்கவேண்டும். அதற்கு மேல் எனக்கு நீங்கள் தரக்கூடிய தண்டனை பெரிதாக இருக்காது.

ஆகவே ஐயா, மிகப் பணிவாகக் கேட்பது:

3.10 என்ற பதிவை இன்றே வெட்டி, இதை மலை விபத்தாக மாற்றவும். உச்சியில் உள்ள சிலுவைக்கும் கீழே ஓடும் ஆற்றுக்கும் இடைப்பட்ட வடக்குச் சரிவை, உடற்சூடு காட்டும் கருவியுள்ள ஹெலிகொப்டரால் பார்க்கவும், கயிறு தெரிந்த ஆட்களை இறக்கவும். அவருடைய தொலைபேசி சனிக்கிழமை கடைசியாக எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்று கேட்டெடுக்கவும். அதைக் கேட்கும் அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான் உண்டு.

நாளை வியாழன் காலை ஆறு மணியிலிருந்து நான் பூட்டிய பாதையின் தடுப்படியில் நிற்பேன். களஞ்சியத்துச் செம்மஞ்சள் மேற்சட்டை போட்டிருப்பேன், மேலேயிருந்து தெரியும். பொய் வாக்குமூலம் தந்ததற்கு வழக்குப் போடவேண்டும் என்றால் அங்கேயே வந்து கூட்டிக்கொண்டு போகலாம், உடுப்புப் பையோடுதான் வருவேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன்: முதலில் அவரைத் தேடுங்கள், பிறகு என்னைப் பிடியுங்கள். என்னைத் தேட உங்களுக்கு ஹெலிகொப்டர் தேவைப்படாது.

இப்படிக்கு,
மேலே எழுதியது எல்லாம் உண்மை என்று கையெழுத்திடும்,
சி. குலேந்திரன்

இடம்: ஓல்டன்
திகதி: 11.10.2017, புதன்கிழமை, காலை 11.20

இணைப்புகள்: பலகைக் குறிப்பேட்டின் 07.10.2017 பக்கம் (எழுத்து என்னுடையது). பஸ் சாரதியின் தொலைபேசி இலக்கம். உர்ஸ் கீறிய மலைப் படம். ஜேர்மன் மொழிபெயர்ப்பு, பன்னிரண்டு பந்திகளும் முழுமையாக, யாதவி தவச்செல்வன்.